சமயவியலும் சமூகவியலும்: ஒன்றாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த இரண்டையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு துறைகளும் உங்களுக்காக ஒன்றுசேராது. பட்டத்தின் பெயரில் 'சமயவியலும் சமூகவியலும்' என்று இருக்கும், ஆனால் அந்த 'உம்' எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது, அதை எந்தப் பேராசிரியரும் தனியாக நடத்தமாட்டார். காலையில் ஒரு வகுப்பில் ஒரு பிரார்த்தனையை வரி வரியாகப் பிரித்துப் படிப்பீர்கள். பிற்பகல் வேறொரு கட்டிடத்தில் யார் வாரம் தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறார்கள், யார் போவதில்லை என்று வயது வாரியாக ஓர் அட்டவணையைக் காட்டுவார்கள். காலையில் படித்த பிரார்த்தனையைத்தான் பிற்பகல் அட்டவணையில் இருக்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இரண்டு ஆசிரியர்களுமே உங்களுக்கு நினைவூட்டப் போவதில்லை. அந்த இணைப்பு உங்கள் வேலை, முதல் வாரத்திலிருந்தே. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதல் படி: எதைப் படிக்கப் போகிறோம் என்று தெளிவாகிக்கொள்வது

இறையியல் வேறு, சமயவியல் வேறு. இறையியல் ஒரு மரபுக்குள் நின்றுகொண்டு அந்த மரபின் கேள்விகளைக் கேட்கிறது. சமயவியல் பல மரபுகளையும் பக்கத்தில் வைத்து, மனிதர்கள் செய்கிற ஒன்றாக மதத்தைப் பார்க்கிறது. சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் 1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு துறையைத் தொடங்கினார். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, ஒழுக்கம், அமைப்பு, பிற்பாடு சேர்த்த பொருள் வடிவம் என்று மதத்துக்கு ஏழு பரிமாணங்கள் உண்டு என்று அவர் சொன்னது இன்றைக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு நல்ல கைப்பிடி. ஒரு மதத்தை 'அவர்கள் எதை நம்புகிறார்கள்' என்ற ஒற்றைக் கேள்விக்குள் சுருக்கிவிடாமல் இருக்க அது உதவும்.

சமூகவியலுக்கு வந்தால், மதம் அதன் ஓரத்தில் இருக்கிற தலைப்பு இல்லை. அந்தத் துறையே மதத்தைப் பற்றி யோசித்துத்தான் வளர்ந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1897-இல் தற்கொலை பற்றி எழுதியபோது புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கச் சமூகங்களின் விகிதங்களை ஒப்பிட்டார், 1912-இல் மதத்தைப் பற்றியே பெரிய நூல் எழுதினார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05-இல் புராட்டஸ்டன்ட் ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள உறவைக் கேட்டார், அப்புறம் சீனா, இந்தியா, பண்டைய யூத மதம் என்று போய்க்கொண்டே இருந்தார். ஆக, நீங்கள் எடுக்கப்போவது வினோதமான கலவை ஒன்றுமில்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது படி: எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம்

பொதுவாக மூன்று வடிவங்களில் கிடைக்கும்: இரண்டும் சம அளவில் இருக்கும் கூட்டுப் பட்டம், ஒன்று முதன்மை இன்னொன்று துணைப்பாடம், அல்லது சமூகவியல் பட்டத்துக்குள் சமயம் பற்றிய சில விருப்பப் பாடங்கள். எது சிறந்தது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் பார்க்கச் சொல்வது இவற்றை. ஆய்வு முறைகள் பற்றிய பாடம் கட்டாயமா, விருப்பமா? கட்டாயமாக இருந்தால் நல்லது, அது கடினமாக இருந்தாலும் சரி. 'சமயவியல்' என்ற பெயருக்குள் ஒரே ஒரு மரபின் இறையியல்தான் இருக்கிறதா, குறைந்தது இரண்டு மூன்று மரபுகளாவது இருக்கின்றனவா? இரண்டு துறைகளிலும் கால் வைத்திருக்கிற ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? ஆசிரியர்களின் பக்கங்களைப் படித்தால் இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், இருந்தால் அந்த ஒருவருக்காகவே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் எண்ணம். கடைசி ஆண்டு ஆய்வேட்டை இரண்டு துறைக்கும் சேர்த்து ஒன்றாக எழுத விடுவார்களா? இரண்டு துறைகளின் கட்டாய வகுப்புகளும் ஒரே நேரத்தில் விழாமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசிக் கேள்வி சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கூட்டுப் பட்டம் படிக்கிறவர்கள் பாதியில் ஒன்றை விட்டுவிடுவதற்கு அட்டவணை மோதலும் ஒரு காரணம். அதனால் சேர்வதற்கு முன்பே துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது படி: விண்ணப்பக் கடிதம்

இங்கேதான் நல்ல மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். தன் நம்பிக்கையின் கதையை எழுதுகிறார்கள், அல்லது நம்பிக்கை போன கதையை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், மனதைத் தொடலாம், ஆனால் தேர்வுக் குழு தேடுவது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறதா என்பதை. 'மதம் சமூகத்தைப் பாதிக்கிறதா' என்பது கேள்வி இல்லை, அது ஒரு நூலகம். 'ஒரே வழிபாட்டுக் கூடத்தில் புதிதாக வருகிறவர்கள் ஏன் எப்போதும் பின்வரிசையிலேயே உட்காருகிறார்கள், முன்வரிசைக்கு வர அவர்களுக்கு எது அனுமதி தருகிறது' என்பது கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அந்தச் சமூகத்தின் போதனையும் தெரிய வேண்டும், அதிகாரம் எப்படிப் பரவியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அப்படி ஒரு கேள்வியை உங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து எடுங்கள். மீதிக் கடிதம் தானாக வரும்.

நான்காவது படி: வகுப்பு தொடங்குமுன் எதைப் படிப்பது

நிறையப் படிக்க வேண்டாம், மெதுவாகப் படியுங்கள். டர்க்கைமின் 1912 நூலில் முன்னுரையும் முதல் அத்தியாயமும் போதும். புனிதமானது, சாதாரணமானது என்ற பிரிவை அவர் எப்படிக் கட்டுகிறார் என்று பாருங்கள். அந்த நூல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றியது, ஆனால் அவர் அங்கே போனதே இல்லை, மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளை வைத்துத்தான் எழுதினார் என்பதையும் மனதில் வையுங்கள். முதல் செமஸ்டரிலேயே நீங்கள் கேட்கக்கூடிய நல்ல கேள்வி அதில் இருக்கிறது.

மார்க்ஸ் மதத்தை அபின் என்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரி வருகிற பத்தியை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. 1844-இல் வெளியான அந்தக் கட்டுரையில், ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். பத்தி முழுவதையும் படித்தபின் அந்த வரி வேறு மாதிரி ஒலிக்கும். ஒரு மேற்கோளை எங்கே பார்த்தாலும் அது வந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் இந்தப் படிப்பில் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம், மனதை மாற்றிக்கொண்டவர்களைப் படியுங்கள். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1960-களில், நவீனம் வளர வளர மதம் தேயும் என்ற கருத்துக்கு வலுவான குரல்களில் ஒருவராக இருந்தார். 1999-இல் அந்த அனுமானமே தவறு என்று வெளிப்படையாக எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரு கோட்பாட்டைக் கைவிடுவதற்கு எவ்வளவு ஆதாரம் தேவைப்படுகிறது என்று தெரியும். இதே மாதிரி, மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1966-இல் மதத்துக்குக் கொடுத்த வரையறையையும், அதை இன்னொரு மானிடவியலாளர் தலால் அசாத் பின்னால் எப்படிக் கேள்வி கேட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். நம்பிக்கையை மதத்தின் மையமாக வைப்பதே ஒரு குறிப்பிட்ட வரலாற்றிலிருந்து வந்த பழக்கம் என்பது அசாத்தின் வாதம். முதல் தடவை படிக்கும்போது தலை சுற்றும், பரவாயில்லை, இரண்டாம் ஆண்டில் திரும்பி வாருங்கள்.

வாசிப்புப் பட்டியலில் ஐரோப்பியப் பெயர்களே நிறைய இருக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களைப் பற்றி, அதே சமூகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் டு போய்ஸ் 1903-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார். இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் குடகு மக்களின் மதமும் சமூகமும் பற்றி 1952-இல் எழுதினார். பட்டியலில் இவை இல்லாவிட்டால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: உங்கள் நம்பிக்கையை எங்கே வைப்பது

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிற படி, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வுக்கு வெளியே வைத்துவிட்டு மனிதர்கள் செய்வதையும் சொல்வதையும் பார் என்பது ஸ்மார்ட்டின் வழி. ஆய்வுக்குள் இருக்கும்வரை மதத்தை மனிதர்கள் உருவாக்கியதாகவே நடத்த வேண்டும் என்று பெர்கர் இன்னும் ஒரு படி மேலே போனார், அவர் சொந்த வாழ்க்கையில் லூத்தரன் கிறிஸ்தவர். வேபர் 1909-இல் ஒரு கடிதத்தில், இசை காதில் ஏறாதவரைப்போல மத விஷயத்தில் தனக்கு அந்தச் செவி இல்லை என்றும், ஆனாலும் தான் மதத்துக்கு எதிரியும் இல்லை என்றும் எழுதினார். இவர்கள் யாரும் தங்கள் நிலையை மறைக்கவில்லை, அதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்தார்கள்.

நம்பிக்கை உள்ள மாணவருக்கு ஓர் ஆபத்து உண்டு: தன் மரபைப் பற்றி எழுதும்போது அதன் சிறந்த வடிவத்தையும், அடுத்தவர் மரபைப் பற்றி எழுதும்போது அதன் அன்றாட நடைமுறையையும் எடுத்துக்கொள்வார், தனக்கே தெரியாமல். நம்பிக்கை இல்லாதவருக்கு வேறொரு ஆபத்து: மக்கள் சொல்கிற காரணத்தை ஒருபோதும் காரணமாக எடுத்துக்கொள்ளமாட்டார், அதற்குப் பின்னால் பணமோ பயமோ அதிகாரமோ இருந்தே ஆக வேண்டும் என்று தேடுவார். சில நேரம் இருக்கும். சில நேரம் ஒருவர் சொன்னதுதான் காரணம்.

நான் செய்தது, இப்போதும் எல்லோருக்கும் சொல்வது இது. முதல் நாள் ஒரு பக்கம் எழுதி வையுங்கள், நான் எதை நம்புகிறேன், எந்த மதத்தினரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, யார்மேல் காரணமில்லாத மரியாதை இருக்கிறது என்று. யாரிடமும் காட்ட வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் ஒரு வரி: 'எந்தப் பதில் வந்தால் எனக்குச் சந்தோஷம்?' கட்டுரை முடிந்ததும் அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். எதிர்பார்த்த பதிலே வந்திருந்தால் ஆதாரங்களை இன்னொரு முறை சரிபாருங்கள்.

படிப்பு நடுவில் உங்கள் நம்பிக்கை அசையலாம், ஆழப்படலாம், எதுவும் ஆகாமலும் இருக்கலாம். அசைந்தால் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். இதைக் கடந்து வந்த மேல்வகுப்பு மாணவர் ஒருவரோடு பேசுங்கள், செமினாரில் சண்டை போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

ஆறாவது படி: நோட்டுப் புத்தகம்

இரண்டு துறைக்கும் இரண்டு நோட்டு வைக்காதீர்கள். ஒரே நோட்டு. இடது பக்கம் சமயவியல் வகுப்பு, வலது பக்கம் சமூகவியல் வகுப்பு, அடியில் நான்கு விரல் அளவு காலி இடம். வார இறுதியில் அந்தக் காலி இடத்தை நிரப்புங்கள். உதாரணமாக நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் நோன்பைப் பற்றி நூல்கள் சொல்வது: கட்டுப்பாடு, தூய்மை, நினைவு, பரிகாரம். வலது பக்கத்தில் யார் நோன்பிருக்கிறார்கள், வீட்டில் நோன்பு முடிகிற நேரத்துக்கு யார் சமைக்கிறார்கள், நோன்பிருக்காதவரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள். அடியில், இரண்டையும் வைத்து ஒரு கேள்வி: நோன்பிருக்க முடியாத நோயாளி தன்னைக் குறைவாக உணர்கிறாரா, அவருக்கு விலக்கு உண்டு என்று நூல் சொல்லியிருந்தும்? இந்த அடிக் கேள்விகளிலிருந்துதான் என் ஆய்வேடு வந்தது. செமஸ்டருக்குப் பதினைந்து கேள்வி சேர்ந்தால் பதின்மூன்று பயன்படாது, பரவாயில்லை.

கட்டுரை எழுதும்போது மட்டும் யாருக்கு எழுதுகிறோம் என்று பாருங்கள். சமயவியல் ஆசிரியர் மூல நூலின் சொல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறீர்கள் என்று பார்ப்பார். சமூகவியல் ஆசிரியர் உங்கள் வாதம் என்ன, ஆதாரம் எதுவரை தாங்கும் என்று பார்ப்பார். மேற்கோள் குறிக்கும் முறையும் துறைக்குத் துறை மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: எண்களுக்குப் பயப்படாமல் இருப்பது

மதத்தைப் படிக்க வருகிறவர்கள் புள்ளியியலைப் பார்த்ததும் ஒதுங்குகிறார்கள். ஒதுங்காதீர்கள், ஏனென்று ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் கருத்தாய்வுகளில் கேட்டால், சுமார் 40 சதவீதம் பேர் வாரந்தோறும் தேவாலயத்துக்குப் போவதாகச் சொல்லிவந்தார்கள், பல பத்தாண்டுகளாக அந்த எண் அசையவே இல்லை. 1993-இல் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) புராட்டஸ்டன்ட் தேவாலயங்களிலும், 18 கத்தோலிக்க மறைமாவட்டங்களிலும் உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். சொன்னதில் ஏறக்குறைய பாதிதான் வந்திருந்தது.

சரி, மீதிப் பேர் பொய் சொன்னார்களா? இங்கேதான் இரண்டு துறையும் கை கோக்கிறது. 'கடந்த வாரம் போனீர்களா' என்று கேட்டால், பலர் 'நான் போகிற ஆள்தான்' என்று பதில் சொல்கிறார்கள். கேட்டது கடந்த வாரத்தைப் பற்றி, வந்த பதில் தான் யார் என்பதைப் பற்றி. எண் தெரியாவிட்டால் இந்த இடைவெளியே கண்ணில் படாது. மதத்தில் 'போகிற ஆள்' என்பதற்கு என்ன பொருள் என்று தெரியாவிட்டால் இடைவெளியை வெறும் பிழை என்று எழுதிவிடுவீர்கள். ஆர், எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருளில் ஒன்றையாவது ஓர் அட்டவணை போடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள்.

எட்டாவது படி: களப்பணி

களத்துக்குப் போகுமுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், முதலிலேயே விண்ணப்பியுங்கள். 'நான் மாணவர், படிப்புக்காக வந்திருக்கிறேன்' என்பதை முதல் நாளே சொல்லுங்கள். 1950-களில் உலக முடிவை எதிர்பார்த்த ஒரு சிறு குழுவுக்குள் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆய்வாளர்கள் நம்பிக்கையாளர்போல நடித்து நுழைந்தார்கள். சிறு குழுவில் புதிதாக நாலு பேர் வந்து நம்புவதுபோல் நடித்தால், அந்தக் குழு அவர்களாலேயே மாறிவிடுகிறது. ஏமாற்றியது ஒரு குற்றம், பார்க்கப்போன பொருளையே மாற்றியது இன்னொன்று. சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் 1984-இல் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற, கொரியாவில் தோன்றிய புதிய மத இயக்கம் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர். தான் யார் என்று சொல்லிவிட்டுப் போனார், அவர்களுடைய பயிலரங்குகளுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரவே இல்லை என்று காட்டினார். அங்கே சேர்கிறவர்கள் மூளைச்சலவை செய்யப்படுகிறார்கள் என்று அன்று பேசப்பட்டதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

சிறு குழு என்றால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'மூன்று குழந்தைகள் உள்ள தலைவர்' என்று எழுதினாலே உள்ளே இருக்கிறவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். மதம் மாறியவர்கள், வெளியேறியவர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பிரார்த்தனை நேரத்தில், கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

அங்கே போனதும் பேசுகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் ஒரு வாராந்தரப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நான்கு மாதம் போனேன். முதல் மூன்று வாரக் குறிப்பில் உரை நிகழ்த்துபவர் சொன்னது மட்டும்தான் இருந்தது. நான்காவது வாரம் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விட்டேன். ஓர் அம்மா தனியாக நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், வரிசை நேராக இருக்கிறதா என்று கடைசியில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உதவி செய்துகொண்டே பேசினேன். "இங்க பேசுறதுல பாதி எனக்குப் புரியாது தம்பி. ஆனா நான் வரலைன்னா இதெல்லாம் யார் போடுவா?" என்றார். கோட்பாடு பற்றி நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எதுவும் அவரிடம் கேட்கத் தகுந்ததாக இல்லை. இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அவரைவிட ஆழமாக இருந்தவர் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் தொடங்குமுன் போங்கள், முடிந்தபின்னும் இருங்கள், வீடு திரும்பியதும் தூங்குமுன் எழுதிவிடுங்கள்.

ஒன்பதாவது படி: ஆய்வேடு

தலைப்பைச் சுருக்குங்கள், சுருக்கியபின் மறுபடி சுருக்குங்கள். ஓரிடம், ஒரு குழு, ஒரு செயல். இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு வழிகாட்டி கிடைத்தால், இருவரையும் தொடக்கத்தில் ஒரே அறையில் ஒரு தடவையாவது உட்காரவைத்து, எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள் என்று பேசச் செய்யுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஆய்வேடு எழுதச் சொல்வார்கள். மூல நூலைப் படிக்க ஒரு மொழி தேவை என்றால், அதை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி: இந்தப் பட்டத்துக்கென்று பெயர் பொறித்த ஒரே வேலை கிடையாது. ஆசிரியப் பணி, பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், அருங்காட்சியகம், அரசின் கொள்கைப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள் எனப் போகிறார்கள். விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரைவிட, எத்தனை நேர்காணல் எடுத்தீர்கள், எந்தத் தரவை எதில் கையாண்டீர்கள் என்று எழுதுங்கள்.

கடைசிப் படி: எழுதியதைத் திருப்பிக் காட்டுவது

சமர்ப்பிக்குமுன், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களிடம் அந்தப் பகுதியை எளிய மொழியில் படித்துக் காட்டுங்கள். நான் அந்த அம்மாவிடம் அவரைப் பற்றிய பக்கத்தைப் படித்தேன். பெண்களுக்கு ஒதுக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று விளக்கியிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ஆரம்பிக்கலை தம்பி. எங்க வீட்டுக்காரர்தான் இருபது வருஷம் போட்டுக்கிட்டிருந்தார். அவர் போனப்புறம் நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். நான்கு மாதத்தில் நான் கேட்காத கேள்வி அது. உழைப்பு பற்றிய வாதத்தைக் குறைத்து, இறந்தவரின் கடமையை ஏற்பது பற்றிப் புதிதாக ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. சமர்ப்பிக்க இன்னும் 3 வாரம் இருந்ததால் முடிந்தது. ஆகவே இந்தப் படிக்குக் குறைந்தது 3 வாரம் ஒதுக்கி வையுங்கள்.